மழைக்காலப் பூக்களும் சித்திரைத் தோட்டமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் செடிக்கடை வைத்திருக்கிறேன். நவம்பரிலிருந்து மார்ச் வரை கடைக்கு வருகிறவர்கள் கேட்பது ஏறக்குறைய ஒரே சந்தேகங்கள்தான். கைபேசியில் ஏதாவது ஒரு வீடியோவைக் காட்டி, "இது நம்ம வீட்டுல வருமாண்ணே?" என்று ஆரம்பிப்பார்கள். திரும்பத் திரும்பச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைத்தால் எனக்கும் தொண்டை மிச்சம். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறேன். பேராக்கின் இந்தப் பக்கத்தில் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டு முன்வாசலுக்கும் எஸ்டேட் வீட்டுக் கொல்லைக்கும் பொருந்துகிற பதில்கள் இவை. கிளந்தான், திரங்கானு, கிழக்குப் பகாங்கில் இருப்பவர்களுக்கு மழை மாதங்கள் வேறு. அவர்கள் மாதக் கணக்கைத் தள்ளிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நம்ம ஊர்ல ஏதுண்ணே குளிர்காலம்? யூடியூப்ல வின்டர் கார்டன், ஸ்பிரிங் கார்டன்னு சொல்றதெல்லாம் நமக்கு எதுக்கு?

அப்படியே பின்பற்ற நமக்கு உதவாது. லண்டனிலும் டெல்லியிலும் செடிக்கு "இப்போது தூங்கு, இப்போது பூ" என்று சொல்வது குளிரும் பகலின் நீளமும். நம்ம ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் அரை மணி நேரம்தான் வித்தியாசம். டிசம்பர் விடியற்காலையில் போர்வையை இழுத்துக்கொள்வோம், அவ்வளவுதான் நம் குளிர்.

இங்கே செடிக்குச் சேதி சொல்வது மழையும் வெயிலும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிறது. மார்கழியில் மெல்ல விடுகிறது. தை பிறந்து கொஞ்ச நாளில் வெயில் ஏறி, மாசியில் மண் வெடிக்கும் அளவுக்குக் காய்கிறது. பங்குனிக் கடைசியிலும் சித்திரையிலும் சாயங்கால இடிமழை திரும்பி வருகிறது. ஆகவே மழையில் செடிக்கு உடம்பை ஏற்ற வேண்டும், மழை விடும்போது வெட்டிச் சீர்படுத்த வேண்டும், வெயிலில் பூவை வாங்க வேண்டும். கீழே வருகிற பதில்கள் எல்லாமே இந்த வரிசையை வைத்துத்தான்.

குளிர்காலம் மாதிரி ஒன்று வேண்டும் என்றே அடம் பிடித்தால், பால்மரக்காட்டை, அதாவது ரப்பர் தோட்டத்தைப் பாருங்கள். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச்சுக்குள் மரம் முழுக்க இலை கொட்டி மொட்டையாக நிற்கும், பால் குறையும், அப்புறம் செம்பு நிறத்தில் தளிர் விடும். நம் ஊரின் பனிக்காலமும் வசந்தமும் அந்தச் சில வாரங்களில் முடிந்துவிடுகிறது.

அப்போ டிசம்பர் மாசம் நம்ம வாசல்ல என்னதான் பூக்கும்?

நிறையவே பூக்கும். நந்தியாவட்டை, இட்லிப்பூ, செம்பருத்தி மூன்றும் மழையைப் பொருட்படுத்தாது. செம்பருத்தி 1960 முதல் நம் நாட்டின் தேசிய மலர். அதற்காகவாவது வேலியோரம் ஒன்று வைக்கலாம். மழை அல்லி என்று நாங்கள் விற்கும் சின்னக் கிழங்குச் செடி ஒன்று உண்டு. சில நாள் காய்ந்து பிறகு நல்ல மழை பெய்தால், வெங்காயத்தாள் மாதிரி இருந்த கட்டுக்குள்ளிருந்து ரோஸ், வெள்ளைப் பூக்கள் ஒரே காலையில் நிமிர்ந்து நிற்கும்.

எனக்குப் பிடித்தது கடையில் விற்காத ஒன்று. பெரிய தூங்குமூஞ்சி மரத்துக் கிளைகளிலும் பழைய மாமரத் தண்டிலும் ஒட்டிக்கொண்டு, யாரும் திரும்பிப் பார்க்காத ஒரு ஆர்க்கிட் இருக்கிறது. புறா ஆர்க்கிட் என்பார்கள். அடியில் பருத்து நுனியில் குச்சியாகிவிடும் தண்டு, அங்கங்கே இரண்டு இலை. மொட்டு ஏற்கெனவே உருவாகித் தூங்கிக்கொண்டிருக்கும். மத்தியான வெயிலில் திடீரென்று பெருமழை பிடித்து வெப்பம் ஐந்தாறு டிகிரி விழுந்தால் அது விழித்துக்கொள்ளும். அந்த மழையிலிருந்து ஒன்பதாம் நாள் காலை, அந்த வட்டாரத்தில் உள்ள எல்லா மரத்திலும் ஒரே நேரத்தில் வெள்ளைப் பூ. நல்ல வாசனை. மறுநாள் வாடித் தொங்கிவிடும். ஒரு பெரிய மழை நாளைக் காலண்டரில் குறித்து வைத்து எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல பாடம் கிடையாது.

மார்கழிக் கோலத்துல வைக்கப் பூசணிப்பூ வேணும். ஆனா பூவைப் பறிச்சா காய் போயிடுமே?

ஆண்பூவைப் பறியுங்கள், காய் போகாது. மெல்லிய நீளக் காம்பில் நிற்பது ஆண்பூ. பூவுக்கு அடியிலேயே கோலிக்குண்டு அளவு பிஞ்சு இருந்தால் பெண்பூ, அதைத் தொடாதீர்கள். கொடி முதலில் விடுவது பெரும்பாலும் ஆண்பூதான், அதனால் கோலத்துக்குத் தட்டுப்பாடு வராது. விதை போட்டு ஒன்றரை மாதம் வாக்கில் பூக்க ஆரம்பிக்கும். ஆகவே நவம்பர் முதல் வாரம் கடைசித் தேதி.

மழை நாளில் தேனீ வராது என்பதால் பிஞ்சு மஞ்சளாகி உதிரும். காலை ஒன்பது மணிக்குள் ஓர் ஆண்பூவின் இதழைக் கிழித்துவிட்டு, நடுவில் உள்ள மஞ்சள் தூளைப் பெண்பூவின் நடுவில் நாலு தடவை தடவிவிடுங்கள். காய் பிடித்துக்கொள்ளும்.

மழை கொட்டுற நேரத்துல தோட்ட வேலை செய்யலாமா? இல்ல வெயில் வரட்டும்னு உட்கார்ந்திருக்கணுமா?

குச்சி நட இதைவிட நல்ல காலம் கிடையாது. செம்பருத்தி, நந்தியாவட்டை, மல்லிகை எல்லாமே குச்சியில் வரும். பென்சில் தடிமனில், ஒரு சாண் நீளத்தில் முற்றிய குச்சியை எடுங்கள். கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, மேலே இரண்டு இலையை மட்டும் பாதியாக நறுக்கி விடுங்கள். ஆற்று மணலும் எரித்த உமியும் பாதிக்குப் பாதி கலந்த தொட்டியில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, தாழ்வாரத்து நிழலில் வையுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் வேர் விடும். விட்டதா என்று தினமும் பிடுங்கிப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவு செய்து வேண்டாம்.

மண் ஊறிச் சேறாக இருக்கும்போது சங்குல் (மண்வெட்டி) போட்டுக் கொத்தக் கூடாது. அந்த நேரத்தில் மிதித்துக் கிளறிய மண் வெயில் வந்ததும் செங்கல்லாக இறுகிவிடும். உரமும் அப்படித்தான், கொட்டும் மழையில் போடும் பாஜா (கடை உரம்) பாதி காணுக்குள் (சாக்கடைக்குள்) போய்விடும்.

மழைக்கால இரவில் நத்தை கிளம்பும். டார்ச் எடுத்துக்கொண்டு போய்ப் பொறுக்குவதுதான் கைகண்ட வழி. வெறுங்கையால் தொடாதீர்கள். பெரிய ஆப்பிரிக்க நத்தை எலிகளிடமிருந்து வரும் ஒரு புழுவைச் சுமக்கும், அது மனிதர் உடம்புக்குள் போனால் மூளை வரை பாதிக்கும். கையுறை அல்லது இடுக்கி. பொறுக்கியதை உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். மண்ணில் உப்பைத் தூவாதீர்கள், செடியும் சேர்ந்து சாகும்.

என் மல்லிகை காடு மாதிரி வளர்ந்திருக்கு, பூ மட்டும் இல்ல. எப்போ வெட்டணும்?

மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பழைய குச்சி எவ்வளவு இருந்தாலும் அது விறகுக்குத்தான் ஆகும். தமிழ்நாட்டு மல்லிகைத் தோட்டங்களில் நவம்பர் கடைசியிலிருந்து கவாத்து செய்வார்கள், அதாவது கிளைகளை வெட்டிவிடுவார்கள். நமக்கு மழை தணிகிற டிசம்பர் கடைசியும் ஜனவரி முதல் பாதியும் சரி. தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் எல்லாத் தண்டையும் வெட்டுங்கள். உள்ளே குறுக்கே ஓடும் மெல்லிய குச்சி, காய்ந்தது, நோய் பட்டது எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடுங்கள். முடித்ததும் பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டில் திட்டுவார்கள். மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்யுங்கள்.

வெட்டிய பிறகு மிச்ச இலையையும் உருவிவிட்டு, ஒரு கூடை மக்கிய எரு போட்டு மண்ணைக் கொத்தி விடுங்கள். தளிர் வெடித்து வளரும் நேரத்தில் மாசி வெயில் வந்து சேரும், மல்லிகைக்கு அதுதான் வேண்டும். நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் இல்லாத இடத்தில் நீங்கள் என்ன செய்தாலும் இலைதான் கிடைக்கும். செம்பருத்தி, இட்லிப்பூவுக்கும் இதே சமயத்தில் வெட்டலாம், ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

எங்க மண்ணு வெறும் செம்மண்ணு. உரம் போட்டுப் போட்டும் செடி மஞ்சளாவே நிக்குது.

பசி அல்ல, புளிப்பு. நம் பக்கத்துச் செம்மண் இயல்பாகவே அமிலத்தன்மை உள்ளது. ஐப்பசி, கார்த்திகை மழை அதில் இருக்கிற சுண்ணாம்புச் சத்தையும் மக்னீசியத்தையும் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த மண்ணில் உரம் போட்டால் வேர் சரியாக எடுத்துக்கொள்ளாது. மழை விட்டதும் டோலமைட் தூள் (சுண்ணாம்பும் மக்னீசியமும் உள்ள கல்தூள்), சதுர மீட்டருக்கு இரண்டு கைப்பிடி, மேலாகக் கிளறி விடுங்கள். விவசாயப் பொருள் விற்கும் கடையில் கிலோக் கணக்கில் மலிவாகக் கிடைக்கும்.

இரண்டு, மூன்று வாரம் கழித்துத்தான் உரம். டோலமைட்டையும் பாஜாவையும் ஒன்றாகக் கலந்து போட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும், காசும் அதோடு போகும். கோழி எருவைப் பச்சையாகப் போடாதீர்கள். வேர் வெந்துவிடும், ஈ மொய்த்துப் பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். இட்லிப்பூ மட்டும் புளிப்பு மண்ணை விரும்பும் செடி, அதற்கு டோலமைட் வேண்டாம்.

பொங்கலுக்கு, தைப்பூசத்துக்கு, சித்திரைக்கு செண்டுப்பூ நானே போட்டா மாலைக்கு ஆகுமா? எப்போ விதைக்கணும்?

தாராளமாக ஆகும். விதையிலிருந்து பூ வரை இரண்டு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். திருநாள் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ண வேண்டியதுதான். பொங்கலுக்கு நவம்பர் நடுவில் விதைக்க வேண்டும். தைப்பூசத்துக்கு அந்த வருஷத் தேதியைப் பார்த்துத் தள்ளிக்கொள்ளுங்கள். ஏப்ரல் 14-க்குப் பிப்ரவரி நடுவுக்கு முன்பே. நாற்றுக்கு ஆறேழு இலை வந்ததும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை அடித்துப் பூ இரட்டிப்பாகும், ஆனால் ஒரு வாரம், பத்து நாள் தாமதமாகும். அதையும் கணக்கில் சேருங்கள்.

பொங்கல் பூ மழையில் வளர வேண்டிய பூ என்பதால் அதுதான் சிரமம். நாற்று நிலையில் தகரத் தாழ்வாரத்தின் கீழ், வெயில் சாய்ந்து விழுகிற இடத்தில் வையுங்கள். பூ வந்த பிறகு மழை பட்டால் கனம் தாங்காமல் தலை சாய்ந்து அழுகும், ஒரு குச்சி கட்டி விடுங்கள். சித்திரைப் பூவுக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. முதல் தடவை போடுகிறவர்கள் சித்திரைக்கே போடுங்கள்.

காகிதப்பூச் செடிக்குத் தினமும் தண்ணி ஊத்துறேன். ஒரு பூ கூட இல்ல.

தினமும் ஊற்றுவதுதான் காரணம். காகிதப்பூ தாகத்தில் பூக்கும் செடி. மழைக்காலத்தில் இலையாக நிற்பது அதனால்தான். தையில் வெயில் வந்ததும் தொட்டியை நல்ல வெயிலுக்கு நகர்த்தி, தண்ணீரை நிறுத்துங்கள். இலை லேசாகத் தொங்கும்போது மட்டும் கொஞ்சம் ஊற்றுங்கள். இப்படி இரண்டு, மூன்று வாரம் போனால் நிறம் காட்டும். நாம் பூ என்று சொல்லும் அந்த வண்ணத்தாள் உண்மையில் இலை. நடுவில் இருக்கும் சின்ன வெள்ளைக் குழல்தான் பூ.

பால்மர இலை வீட்டைச் சுத்திக் கொட்டிக் கிடக்கு. கூட்டி எரிச்சிடலாமா?

வேண்டாம். திறந்தவெளியில் எரிப்பது நம் நாட்டில் சட்டப்படி குற்றம். அதைவிட, மாசி வெயிலுக்கு முன்னால் இலவசமாக வந்து விழுகிற மூடாக்கை யாராவது எரிப்பார்களா? செடியின் தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி, இரண்டங்குல கனத்துக்குப் பரப்பி விடுங்கள். மண் ஈரம் போகாது, களை குறையும், அடுத்த மழையில் மக்கிப் போகும்.

செம்பனை ஆலையிலிருந்து வெற்றுக் குலை லாரியில் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. சாம்பல் சத்து நிறைந்த நல்ல பொருள்தான். ஆனால் ஓர் அடுக்காகப் பரப்புங்கள், குவித்து வைக்காதீர்கள். குவியலுக்குள் காண்டாமிருக வண்டு முட்டையிட்டு, வளர்ந்து, உங்கள் தென்னங்குருத்தைத் துளைக்கும்.

பழைய பால் மங்கு நிறைய கிடக்கு. நாத்து விடப் பயன்படுத்தலாமா?

ரப்பர் பால் பிடிக்கும் அந்தக் கிண்ணத்துக்கு அடியில் ஓட்டை போட முடிந்தால் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக் மங்கில் சூடான ஆணியால் ஓட்டை விழும். பீங்கானில் முயன்றால் பாதி உடையும். ஓட்டை இல்லாத மங்கைக் கவிழ்த்து வையுங்கள், நிமிர்த்தி வைத்தால் டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் தொட்டிலாகிவிடும். முட்டை பொரித்துக் கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். காய்ந்து போன மங்கின் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக் கணக்கில் உயிரோடு இருந்து அடுத்த மழையில் பொரிக்கும், அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டுக்கும் இதே கதைதான். சுகாதார இலாகா வந்து கொசுப்புழுவைப் பார்த்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் எழுதும்.

சீனப் பெருநாளுக்குக் கேமரன்லேர்ந்து வந்த செவ்வந்தித் தொட்டி வாங்கினேன். பூ முடிஞ்சதும் வெட்டி விட்டேன், திரும்ப வந்த பூ சுண்டைக்காய் சைசுக்கு இருக்கு. ஏன்?

செவ்வந்தி இரவு நீண்டால் மொட்டு வைக்கிற செடி. நம் இரவு வருஷம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரம். ஆகவே வெட்டிவிட்ட செடி உடம்பு ஏறும் முன்பே, நான்கு விரல் உயரத்திலேயே "இரவு நீளமாக இருக்கிறது, பூத்துவிடுவோம்" என்று அவசரப்படுகிறது. சிம்பாங் பூலாய் வழியாக ராத்திரியில் கேமரன் மலைக்கு ஏறியவர்கள் மலைச்சரிவில் பிளாஸ்டிக் கூடாரங்கள் விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். செவ்வந்தியை ஏமாற்றத்தான் அந்த விளக்கு. நடு இரவில் சில மணி நேரம் வெளிச்சம் கொடுத்தால் செடி இரவை இரண்டு குறுகிய இரவாக எடுத்துக்கொண்டு, பூக்காமல் உயரமாக வளரும். தேவையான உயரம் வந்ததும் விளக்கை அணைப்பார்கள், எல்லாம் ஒன்றாக மொட்டு வைக்கும்.

வீட்டிலும் ஒரு சின்ன எல்இடி பல்பை வைத்து இதைச் செய்யலாம். வெட்டிய பிறகு ஆறு வாரம் இரவு பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை எரியவிட்டு, அப்புறம் நிறுத்துங்கள். பூ பெரிதாகும், ஆனால் கேமரனின் குளிர்ந்த இரவு நம்மிடம் இல்லாததால் கடையில் வாங்கிய நிறமும் அளவும் வராது. அந்தத் தொட்டியைப் பெருநாள் பூவாக வைத்துக் கொண்டாடிவிட்டு விட்டுவிடுங்கள் என்பதுதான் என் அபிப்பிராயம். செண்டுப்பூவுக்குச் செய்யும் உழைப்பில் பாதி கூட இதற்குத் தகாது.

அதே செவ்வந்திய வாசல்ல ரோட்டு விளக்குக்குக் கீழ வச்சேன். ஆளுயரம் போகுது, ஒரு மொட்டு இல்ல!

மேலே சொன்ன கேமரன் வித்தையை நகராட்சி விளக்கு உங்களுக்கு இலவசமாகச் செய்துகொண்டிருக்கிறது. கொல்லைப்புறத்து இருட்டுக்கு மாற்றுங்கள், ஓரிரு மாதத்தில் பூக்கும்.

கிறிஸ்மஸ் சமயத்துல விக்கிற சிவப்பு இலைச் செடி, அடுத்த வருஷம் பச்சையாவே இருந்திடுச்சே?

அது மெக்சிகோவிலிருந்து வந்த பாயின்செட்டியா. சிவப்பாக இருப்பது, காகிதப்பூவில் சொன்ன மாதிரி, இலைதான். இதுவும் நீண்ட இரவை எதிர்பார்ப்பது, அதோடு இரவு வெப்பம் அதிகமாக இருந்தால் தள்ளிப்போடுவது. அக்டோபர் முதல் வாரத்திலிருந்து எட்டு வாரம், மாலை ஆறிலிருந்து காலை எட்டு வரை கறுப்புத் துணியோ அட்டைப் பெட்டியோ போட்டு மூடுங்கள். ஒரு நாள் மறந்து வராந்தா விளக்கு பட்டாலும் கணக்கு தள்ளிப்போகும். பெட்டி காற்றோட்டமான, குளிர்ச்சியான மூலையில் இருக்க வேண்டும். வெட்டினால் வடியும் பால் தோலை அரிக்கும், கையைக் கண்ணில் வைக்காதீர்கள்.

டிசம்பர்ல நல்லா வெயில் விழுந்த இடத்தப் பார்த்துத்தான் பாத்தி போட்டேன். ஜூன் மாசம் அங்க நிழல். வீடு நகருமா?

சூரியன் நகர்கிறது. டிசம்பரில் மத்தியானச் சூரியன் நமக்குத் தெற்கே சாய்ந்து நிற்கும். ஜூனில் வடக்கே. ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் நடுவுக்கு முன்னாலும் நேர் உச்சியில். ஆகவே தெற்குப் பார்த்த வீட்டின் முன்வாசலில் டிசம்பரில் நாள் முழுக்க வெயில் அடிக்கும். ஜூனில் கூரை நிழல் சுவரோரத்தை மூடிவிடும். வடக்குப் பார்த்த வீட்டுக்கு நேர் எதிர்.

சித்திரைத் தோட்டத்துக்கு இடம் பார்ப்பதை டிசம்பரில் செய்வதில் உள்ள சிக்கல் இதுதான். சுவரிலிருந்து நான்கைந்து அடி தள்ளி இருக்கும் இடம் இரண்டு பருவத்திலும் தப்பிக்கும், மல்லிகையையும் செண்டுப்பூவையும் அங்கே வையுங்கள். தெற்குச் சுவரை ஒட்டிய பாத்தியில் பொங்கல் பூவை எடுத்துவிட்டு, மே மாதத்துக்குப் பிறகு கீரை, புதினா, வெற்றிலைக்கொடி என்று மாற்றிக்கொள்ளலாம். தாமான் வீடுகளில் பக்கத்து வீட்டுக்காரர் போடும் புதுக் கூரைதான் சூரியனைவிடப் பெரிய பிரச்சினை, அதற்கு என்னிடம் பதில் இல்லை.

சீனப் பெருநாளுக்கு வாங்கின வெள்ளி மொட்டுக் குச்சி தண்ணிக்குள்ளயே வேர் விட்டிருச்சு. மண்ணுல வைக்கலாமா?

வைக்கலாம், தழைக்கும். அது வில்லோ இனம், குச்சியாக வெட்டி வைத்தாலே வேர் விடுகிற சாதி. ஆனால் அந்தப் பஞ்சு மொட்டு வர உண்மையான பனிக்காலம் வேண்டும். நம் ஊரில் அது வெறும் பச்சைச் செடியாகத்தான் இருக்கும்.

துலிப் கிழங்கு ஆன்லைன்ல விக்கிறாங்க. பிரிட்ஜ்ல வச்சு நட்டா பூக்குமாமே?

பாதி உண்மை. துலிப் கிழங்குக்கு மூன்று மாதத்துக்கு மேல் குளிர் வேண்டும், ஐந்திலிருந்து ஒன்பது டிகிரி வரை. காய்கறி வைக்கும் அடித்தட்டில் அதைக் கொடுக்கலாம். ஆனால் அதே பிரிட்ஜில் ஆப்பிள், வாழைப்பழம் இருக்கக் கூடாது. பழம் பழுக்கும்போது விடும் எத்திலீன் வாயு கிழங்குக்குள்ளே இருக்கும் பூக்குருத்தைக் கருக்கிவிடும். நம் வீடுகளில் பழம் இல்லாத பிரிட்ஜ் எங்கே இருக்கிறது?

அதையும் தாண்டி நட்டால், நம் மண்ணின் சூட்டில் காம்பு நீளாமல் குட்டையாகப் பூத்துச் சில நாளில் முடிந்துவிடும். அடுத்த வருஷத்துக்குக் கிழங்கு தேறாது. கிழங்குப் பூ ஆசை இருந்தால் நிலச்சம்பங்கி வையுங்கள், சூடு அதற்குப் பிடிக்கும், மூன்று, நான்கு மாதத்தில் வாசனையான வெள்ளைக் கதிர் வரும். மேலே சொன்ன மழை அல்லியும் இருக்கிறது. அந்த இரண்டுக்கும் பிரிட்ஜ் வேண்டாம்.

எங்க அக்கா மதுரைக்குப் போறாங்க. நல்ல குண்டுமல்லிக் குச்சி நாலு ஈரத்துணியில சுத்திக் கொண்டு வரச் சொல்லலாமா?

கூடாது. செடி, குச்சி, விதை, மண் எதுவானாலும் இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டு அரசு தரும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். 1976-ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் சட்டம் அப்படிச் சொல்கிறது. இல்லாமல் கொண்டு வந்தால் விமான நிலையத்திலேயே பறிமுதல், வழக்கும் வரலாம். "நாலு குச்சியில என்ன வந்துடப் போகுது" என்று எல்லாரும் கேட்கிறார்கள்.

பால்மரத்தையே பாருங்கள். 1876-இல் பிரேசிலிலிருந்து விதையாக லண்டனின் கியூ தோட்டத்துக்குப் போய், 1877-இல் நாற்றாகச் சிங்கப்பூர் வந்து, அதில் ஒன்பது நமக்குப் பக்கத்து ஊரான கோலகங்சாரில் நடப்பட்டன. ஒரு பழைய மரம் இன்னும் அங்கே நிற்கிறது, போய்ப் பார்க்கலாம். ஆனால் பிரேசிலில் அந்த மரத்தைத் தின்னும் இலைக்கருகல் பூஞ்சை இங்கே வரவில்லை. ஹென்றி ஃபோர்டு 1928-இல் அமேசான் காட்டில் பெரிய ரப்பர் தோட்டம் தொடங்கினார். மரங்களை நெருக்கமாக நட்டதும் அந்தப் பூஞ்சை காட்டை மொட்டையடித்தது. கடைசியில் 1945-இல் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு வெளியேறினார்கள். அந்தப் பூஞ்சை இங்கே வந்தால் நம் சிறுதோட்டக்காரர்கள் கதை என்ன ஆகும் என்று யோசியுங்கள். மல்லிகைக் குச்சியில் அது வராதுதான், ஆனால் குச்சியோடும் மண்ணோடும் வேறு எது ஒளிந்து வரும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

குண்டுமல்லி இங்கேயே கிடைக்கிறது, அதே இனம்தான். நன்றாகப் பூக்கிற செடி யார் வீட்டில் இருக்கிறதோ அவர்களிடம் ஜனவரிக் கவாத்து நேரத்தில் போய் நில்லுங்கள். வெட்டிப் போட்ட குச்சியில் முற்றினதாகப் பார்த்து எடுத்து, மேலே சொன்னபடி மணலிலும் உமியிலும் நடுங்கள். மதுரைக்குப் போகிற அக்காவிடம் பூவாகக் கட்டி, அங்கேயே தலையில் வைத்துக்கொண்டு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.